பல்கலைக்கழக இணையதளத்தை சிஎம்எஸ்ஸுக்கு மாற்றுவது: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்க்கிறேன். பல வருடங்களாகக் கையாலேயே கட்டி வளர்த்த பழைய இணையதளத்தை விட்டுவிட்டு, உள்ளடக்க மேலாண்மை அமைப்புக்கு, அதாவது எல்லோரும் சிஎம்எஸ் என்று சொல்கிறார்களே அதற்கு, மாறினோம். அந்த வேலை நடந்தபோது துறைக் கூட்டங்களிலும், அலுவலக வராந்தாவிலும், கேட்டுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் டீ குடிக்கும்போதும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் இதே வேலையை ஆரம்பிக்கும் நண்பர்கள் போன் பண்ணிக் கேட்டதையும் சேர்த்திருக்கிறேன்.

சிஎம்எஸ் என்றால் சரியாக என்ன?

பழைய முறையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தனிக் கோப்பு. தாவரவியல் துறைக்குப் புதுத் தலைவர் வந்தால், கணினி மையத்து ஆள் அந்தக் கோப்பைத் திறந்து, பெயரை மாற்றி, சர்வரில் ஏற்ற வேண்டும். அதே பெயர் இன்னும் நாலு பக்கத்தில் இருந்தால் நாலையும் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் பழைய தலைவர் அங்கே தலைவராகவே இருப்பார்.

சிஎம்எஸ்ஸில் எழுத்து வேறு, தோற்றம் வேறு. எழுத்து தரவுத்தளத்தில் இருக்கும். தோற்றம் வார்ப்புருவில், அதாவது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்ற அச்சில், இருக்கும். யாராவது பக்கத்தைத் திறக்கும்போது இரண்டும் சேர்ந்து வரும். பெயரை ஓரிடத்தில் மாற்றினால் அது வருகிற இடமெல்லாம் மாறும். நிரலாக்கம் தெரியாத அலுவலக உதவியாளரும் பிரவுசரில் உள்நுழைந்து, வேர்டில் தட்டச்சு செய்கிற மாதிரி எழுதிச் சேமிக்கலாம். யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்பது பதிவாகும். தப்பாகப் போய்விட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பலாம்.

"ஏனுங்க, இப்ப இருக்கிற தளமே ஓடிட்டுத்தானுங்களே இருக்குது, மாத்தோணுங்களா?"

எங்கள் பதிவாளர் அலுவலகத்தில் முதல் கூட்டத்திலேயே ஒரு மூத்த அலுவலர் கேட்டது. நியாயமான கேள்வி. பதிலாக நான் பார்த்த ஒன்றைச் சொன்னேன்.

தாளவாடியிலிருந்து ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் சான்றிதழ் வாங்க வந்திருந்தார்கள். விடியும் முன்னே பஸ் ஏறி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, சத்தியமங்கலத்தில் வண்டி மாறி, இங்கே வந்து சேரும்போது மதியம் ஆகிவிட்டது. அவள் கையில் எங்கள் தளத்திலிருந்து இறக்கி அச்சிட்ட விண்ணப்பம். கல்லூரி முதல்வரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, பிளாஸ்டிக் கவரில் மடங்காமல் வைத்திருந்தாள். கவுண்டரில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பழைய பாரமுங்க அம்மிணி, இப்ப மாறிப்போச்சு, புதுசுல கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார். அந்த அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "நெட்டுல இதுதானுங்க சார் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. புதுப் படிவத்தைத் தளத்தில் ஏற்றியிருந்தோம். பழைய படிவத்துக்கான இணைப்பையும் பக்கத்திலிருந்து எடுத்திருந்தோம். ஆனால் பழைய கோப்பு சர்வரிலேயே கிடந்தது. கூகுளில் தேடினால் அதுதான் முதலில் வந்தது. இணைப்பை எடுப்பதும் கோப்பை எடுப்பதும் வேறு வேறு என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. யார் பொறுப்பு என்று தேடினால் அப்படி ஒருவரும் இல்லை. தளம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நல்ல சிஎம்எஸ்ஸில் அந்தப் படிவத்துக்கு நிலையான ஒரே முகவரி. புதுசு வந்தால் அதே முகவரியில் பழையதன் இடத்தில் உட்காரும். எந்தத் தேதிக்குப் பிறகு ஒரு பக்கம் தானாக மறைய வேண்டும் என்றும் சொல்லி வைக்கலாம். இதற்காகத்தான் மாற்றம். புதுத் தோற்றம் கூடவே கிடைக்கிறது, அவ்வளவுதான்.

எதை எடுப்பது? வேர்டுபிரஸ்ஸா, ட்ரூபலா, ஜூம்லாவா?

மூன்றுமே திறமூல மென்பொருள்கள், அதாவது மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்; உரிமக் கட்டணம் கிடையாது. உலகத்து இணையதளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் 2003-இல் வந்த வேர்டுபிரஸ்ஸில்தான் ஓடுகின்றன. அதனால் தெரிந்த ஆள் எளிதில் கிடைப்பார். திருப்பூரிலோ ஈரோட்டிலோ தேடினால்கூட கிடைப்பார். சின்னக் கல்லூரிக்கு அது போதும்.

ட்ரூபல் ஒரு மாணவர் விடுதியில் பிறந்தது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த ட்ரீஸ் போய்டார்ட், விடுதி நண்பர்கள் செய்தி பரிமாறிக்கொள்ளச் செய்த சின்னப் பலகையிலிருந்து வளர்ந்து, 2001-இல் எல்லோருக்கும் வெளியானது. பல துறைகள், பல அதிகார நிலைகள், இரண்டு மொழி என்று இருக்கும் இடத்துக்கு அது பொருந்தும். பாடத்திட்டம், ஆசிரியர், அறிவிப்பு, டெண்டர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம் வைத்துக்கொள்ளலாம். பன்மொழி வசதி 2015-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து மூலத்திலேயே, எதையும் தனியாகச் சேர்க்காமலே, இருக்கிறது. வேர்டுபிரஸ்ஸில் அதற்குச் செருகுநிரல், அதாவது தனியாகச் சேர்க்கும் துணை நிரல், வேண்டும். ஆனால் ட்ரூபலைக் கற்றுக்கொள்ள நாளாகும், ஆளும் சுலபத்தில் கிடைப்பதில்லை.

பதிப்பு மாறுவதையும் இப்போதே யோசிக்க வேண்டும். ட்ரூபல் ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து அடுத்த பதிப்புகளுக்குப் போவது வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி இல்லை, பிரித்துக் கட்டுகிற மாதிரி. தயங்கிக்கொண்டே இருந்த நிறுவனங்கள் கடைசியில் அவசர அவசரமாக மாற வேண்டி வந்தது.

என் கருத்தைக் கேட்டால், உங்களிடம் நிலையாக இருக்கப்போகிற இரண்டு பேருக்கு எது தெரியுமோ அதை எடுங்கள். மென்பொருள் தேர்வுக்கு ஆறு மாதம் விவாதித்துவிட்டு, யார் எழுதுவது என்பதை அரை மணி நேரத்தில் முடித்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். நேரத்தை அப்படியே மாற்றிச் செலவழிக்க வேண்டும்.

இலவச மென்பொருள் என்றால் பாதுகாப்பு குறைவுதானே?

இல்லை. மூலநிரல் எல்லோரும் பார்க்கும்படி இருப்பதால் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வெளியாகிறது. ஆபத்து அந்தத் திருத்தத்தைப் போடாமல் விடுவதில் இருக்கிறது.

2014 அக்டோபர் 15-ஆம் தேதி ட்ரூபலில் ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. திருத்தமும் கூடவே வந்தது. இரண்டு வாரம் கழித்து ட்ரூபல் பாதுகாப்புக் குழுவினர் சொன்னது: அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளம் எல்லாம் தாக்கப்பட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணி நேரம் என்பது நம் ஊரில் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகிற நேரம்கூட இல்லை. அதனால் பாதுகாப்புத் திருத்தம் போடுவதற்கு யாரிடமும் முன் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று பதிவாளரிடம் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டோம். நீங்களும் வாங்கிவிடுங்கள். வேர்டுபிரஸ்ஸில் 2013 முதல் சிறு திருத்தங்கள் தானாகவே ஏறுகின்றன; தளத்தைக் கட்டித்தரும் ஏஜென்சி அந்த வசதியை அணைக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

காப்புப்பிரதி தினமும் எடுக்க வேண்டும், அதே சர்வரில் வைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அதை வேறொரு கணினியில் விரித்து, தளம் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். விரித்துப் பார்க்காத காப்புப்பிரதியை நம்ப முடியாது.

மாணவர் சேர்க்கை, தேர்வு முடிவு, ஆய்வேடு, நூலகம் எல்லாம் இதிலேயே வந்துவிடுமா?

வராது, வரவும் கூடாது. சேர்க்கையும் முடிவும் தனி மென்பொருள். நூலகப் பட்டியலுக்குக் கோஹா போன்றவை இருக்கின்றன. பாடம் நடத்த மூடுல். முனைவர் பட்ட ஆய்வேடுகள், பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்லிப்நெட் மையத்தின் ஷோத்கங்கா தளத்துக்குப் போகின்றன. பல்கலைக்கழகத்தின் சொந்தக் கட்டுரைகளுக்கும் பழைய ஆவணங்களுக்கும் களஞ்சியம் வேண்டுமென்றால் டிஸ்பேஸ் இருக்கிறது. சிஎம்எஸ் வாசல் திண்ணை மாதிரி: வருகிறவரை உட்காரவைத்து, எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சரியாகக் கைகாட்ட வேண்டும்.

யார் எழுதுவது? கணினி மையம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கணினி மையம் எழுதக் கூடாது. தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத்தான் தெரியும். அது எங்களுக்குக் கடிதமாக வந்து, நாங்கள் தட்டச்சு செய்து ஏற்றினால் இரண்டு நாள் போகும், ஒரு இலக்கமும் மாறும். மாறியிருக்கிறது.

நாங்கள் செய்தது இது. தளத்தில் இருக்கப்போகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே ஒரு பெயர். "துறை" என்று இல்லை, ஓர் ஆளின் பெயர். பெயர் கிடைக்காத பக்கம் புதுத் தளத்துக்கு வராது. அப்புறம் ஒவ்வொரு துறையிலும் எழுதுபவர் ஒருவர், சரிபார்த்து வெளியிடுபவர் ஒருவர். எழுதுபவர் சேமித்தால் அது வரைவாக நிற்கும். வெளியிடுபவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வெளியே தெரியும். இந்த இரண்டு படிக்கு மேல் வைக்காதீர்கள். ஆரம்பத்தில் நாங்கள் உதவிப் பதிவாளரையும் சேர்த்து நாலு படி வைத்தோம். ஒரு கருத்தரங்கு அறிவிப்பு, கருத்தரங்கு முடிந்த மறுநாள்தான் வெளியானது. அந்த வாரமே இரண்டு படியாகக் குறைத்தோம்.

எழுதுபவராக யாரைப் போடுவது என்பதில் கவனம் வேண்டும். பல துறைகளில் இந்த வேலை கௌரவ விரிவுரையாளர் தலையிலோ தொகுப்பூதிய ஊழியர் தலையிலோ விழுகிறது. அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் வருடக் கடைசியில் அவர் போய்விட்டால் கடவுச்சொல்லும் கூடவே போய்விடுகிறது. அதனால் கணக்கு அவர் பெயரில் இருக்கட்டும், அதைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கட்டும், அந்தப் பணிக்கு அவருடைய வேலை நேரத்தில் மணிக்கணக்கு ஒதுக்கட்டும். "சும்மா இருக்கும்போது அப்டேட் பண்ணிடுங்க" என்று சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை.

வருடத்துக்கு இரண்டு முறை, கல்வியாண்டு தொடங்கும் முன்னும் பொங்கல் விடுமுறைக்கு முன்னும், ஒவ்வொருவரும் தன் பக்கங்களைத் திறந்து "பார்த்தேன், சரி" என்று குறிக்க வேண்டும். குறிக்காத பக்கங்களின் பட்டியல் துறைத் தலைவருக்குப் போகும். இது ஒன்றுதான் எங்கள் தளத்தை உயிரோடு வைத்திருக்கிறது.

பழைய பக்கங்களை எல்லாம் அப்படியே கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். ஆனால் பழைய முகவரிகளை மறக்கவே கூடாது.

உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் நாக் என்ற தேசிய அமைப்பின் மதிப்பீட்டுக்கு அனுப்பிய சுய ஆய்வு அறிக்கையிலும், வருடா வருடம் அனுப்பும் தர உறுதி அறிக்கையிலும் ஆதாரமாக உங்கள் தளத்தின் இணைப்புகளைக் கொடுத்திருப்பீர்கள். தளம் மாறிய அன்று அவை எல்லாம் "பக்கம் கிடைக்கவில்லை" என்று நின்றால் அந்த ஆதாரங்கள் காணாமல் போன கணக்குத்தான். எனவே முதல் வேலையாகத் தர உறுதிப் பிரிவிடம் போய், இதுவரை எந்தெந்த அறிக்கையில் எந்தெந்த இணைப்பு கொடுத்தார்கள் என்ற பட்டியலை வாங்குங்கள். ஒவ்வொரு பழைய முகவரியும் புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்பட வேண்டும். இதற்கு 301 திருப்புதல் என்று பெயர். கூகுளும் அதைப் பார்த்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்ளும்.

மற்றவற்றைப் பொறுத்தவரை, ஒவ்வொரு துறையையும் உட்காரவைத்து அவர்கள் பக்கங்களைப் படிக்கச் சொன்னோம். முடிந்துபோன கருத்தரங்கின் பதிவுப் படிவம், பணி ஓய்வு பெற்றவரின் போன் எண், நடைமுறையில் இல்லாத பாடத்திட்டம். எடுக்கச் சொன்னால் தயங்குவார்கள், யாரோ உழைத்து எழுதியது. பழைய பாடத்திட்டங்களை நாங்கள் அழிக்கவில்லை. எந்த ஆண்டுச் சேர்க்கைக்கு உரியது என்று தலையிலேயே எழுதி, தனி இடத்தில் வைத்தோம். அரியர் எழுதுகிற மாணவருக்கு அது வேண்டும்.

தமிழில் வேண்டுமா? ஆங்கிலத்தில் இருந்தால் போதாதா?

போதாது. 1982-இல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கழகமும் 1997-இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமும் அவற்றின் இணைவுக் கல்லூரிகளும் கொங்குச் சீமையில் வீட்டின் முதல் பட்டதாரிகள் எத்தனையோ பேரை உருவாக்கியிருக்கின்றன. சேர்க்கை விவரத்தைத் தேடுவது மாணவர் மட்டும் இல்லை. பல்லடத்தில் விசைத்தறியில் நிற்கும் அப்பாவும், பனியன் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வரும் அம்மாவும் தேடுகிறார்கள். கட்டணம் எவ்வளவு, விடுதி இருக்கிறதா, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதை அவர்கள் யாரையும் கேட்காமல் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் பயிர் விவரங்களைத் தமிழிலும் தருகிறது. கோபிப் பக்கத்து விவசாயி மஞ்சளுக்கு என்ன நோய் என்று தமிழில் படிக்கலாம் என்றால், அவர் மகள் சேர்க்கை விதியையும் தமிழில் படிக்கலாம்.

எல்லாவற்றையும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. சேர்க்கை, கட்டணம், தேர்வு, சான்றிதழ், விடுதி, உதவித்தொகை, குறைதீர்ப்பு, இந்த ஏழும் தமிழில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் மாறினால் தமிழிலும் அன்றைக்கே மாற வேண்டும். ஒன்றில் புதுத் தேதியும் ஒன்றில் பழைய தேதியும் இருப்பதைவிடத் தமிழ்ப் பக்கம் இல்லாமல் இருப்பதே மேல்.

தமிழ் எழுத்துரு பிரச்சினை வருமா?

பழைய கோப்புகளில் வரும். துறைகளில் இருந்து வந்த பாதி ஆவணங்கள் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்களில் இருந்தன. அவற்றில் இருப்பது உண்மையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம். எழுத்துருவை எடுத்துவிட்டால் வேடம் கலைந்துவிடும். பாமினியில் அடித்ததை அப்படியே ஒட்டினால் மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும்.

2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே தமிழ்நாடு அரசு எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறி தரும் யூனிகோடையும், தமிழுக்கான டேஸ் 16 குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது. வலைக்கு யூனிகோடுதான். மாநாடு நடந்த ஊரிலேயே இத்தனை வருடத்துக்குப் பிறகும் பாமினியில் சுற்றறிக்கை தயாராவது எனக்கு வருத்தம். மாற்றுவதற்கு என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஒன்று கவனியுங்கள்: பத்திக்கு நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் கருவி அதையும் தமிழாக்கிவிடும். எங்கள் துறை ஒன்றின் மின்னஞ்சல் முகவரி அப்படித்தான் புரியாத எழுத்துக் கூட்டமாகிப்போனது. மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டும்.

பக்கத்தின் இணைய முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைத்தால் பிரவுசரில் அழகாகத் தெரியும், நகலெடுத்து அனுப்பினால் நீண்டுவிடும். "கல்வி" என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள், ஒவ்வொன்றும் மூன்று பைட். முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகி, மொத்தம் 45 எழுத்து. "பட்டமளிப்பு விழா" 135-ஐத் தாண்டும். வாட்ஸ்அப்பில் அது பாதியில் முறிந்தால் திறக்காது. எனவே முகவரி குட்டையான ஆங்கில எழுத்தில், தலைப்பும் உள்ளடக்கமும் தமிழில் என்று முடிவு செய்தோம்.

தேடுதலிலும் ஒரு சிக்கல். "கட்டணம்" என்று தேடினால், "கட்டணத்தை", "கட்டணத்துக்கு" என்று எழுதிய பக்கம் வராது, ஏனென்றால் வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் கடைசி மாறுகிறது. மாணவர்கள் "பீஸ்" என்றும் அடிப்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேடுசொற்களுக்கு ஒரு பெட்டி வைத்து, மக்கள் சொல்லும் சொல்லையெல்லாம் அதில் போடச் சொன்னோம். தலைப்பிலேயே வெறும் "தேர்வுக் கட்டணம்" என்று இருக்கட்டும்.

சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆகப் போட்டால் போதாதா?

கையெழுத்தும் முத்திரையும் தெரிய வேண்டும் என்பதால் எல்லோரும் இதைத்தான் விரும்புகிறார்கள். ஸ்கேன் செய்த தாள் ஒரு படம், அவ்வளவுதான். அதில் தேட முடியாது. போனில் திறந்தால் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி இழுக்க வேண்டும். பார்வையற்ற மாணவரின் திரை வாசிப்பான், உதாரணமாக இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ, அதில் படிக்க ஒன்றும் இல்லாமல் நிற்கும்.

ஒரு சுற்றறிக்கை இப்படித் தொடங்கியது: "பார்வையில் காணும் கடிதத்தின்படி, மேற்கண்ட பொருள் தொடர்பாக அனைத்து இணைவுக் கல்லூரி முதல்வர்களுக்கும் தெரிவிக்கப்படுவது யாதெனில்". கடைசி நாள் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது. அதைப் பக்கமாக எழுதியபோது முதல் வரி "அபராதம் இல்லாமல் கட்டணம் கட்டக் கடைசி நாள்" என்று தேதியோடு. இரண்டாம் வரியில் அபராதத்தோடு கட்டும் தேதி, மூன்றில் எங்கே கட்டுவது. கீழே, அதிகாரபூர்வ ஆவணம் வேண்டுவோருக்குக் கையெழுத்திட்ட பிடிஎஃப். தேர்வுப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர் முதல் வாரமே சொன்னார், தேதி கேட்டு வரும் போன் குறைந்துவிட்டது என்று. இப்போது அவர்தான் மற்ற பிரிவுகளுக்கு எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கிறார்.

சட்டப்படி தளத்தில் இருக்க வேண்டியவை எவை?

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(ஆ), பொது அதிகார அமைப்புகள் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றை 17 தலைப்புகளில் சொல்கிறது: அமைப்பின் பணிகள், அலுவலர்களின் அதிகாரம், ஊதியம், வரவு செலவு, தகவல் அலுவலரின் பெயர் என்று. அதை ஒரே பக்கமாக வைத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் பொறுப்பாளர் போட்டுவிடுங்கள். தளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும்; மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்களின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. வார்ப்புரு வாங்கும்போதே அந்த வழிகாட்டுதல்களுக்குப் பொருந்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இருக்கக் கூடாதவையும் உண்டு. மாணவர் பெயர், பிறந்த தேதி, போன் எண், சாதி எல்லாம் ஒரே பட்டியலாகப் பழைய தளங்களில் கிடக்கும். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பெண்ணின் போன் எண்ணை ஊரே பார்க்கும்படி நாம் போட்டு வைக்கக் கூடாது. இடமாற்றத்தின்போது நாங்கள் முதலில் தேடி அகற்றியது இவற்றைத்தான்.

ஏஜென்சியிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கட்டுவது அவர்களாக இருக்கட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும். ஏசி டாட் இன் என்று முடியும் முகவரிகளை எர்நெட் இந்தியா வழியாகப் பதிவு செய்கிறோம். அந்தப் பதிவில் இருக்கும் மின்னஞ்சல் பல்கலைக்கழகத்தின் அலுவல் மின்னஞ்சலாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் அது ஏஜென்சி ஊழியர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலாக இருந்தது. அவர் வேலையை விட்டுப் போனார், புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அவரோடு போயின, சேர்க்கை நேரத்தில் தளம் காணாமல் போனது.

தரவுத்தளம், மூலநிரல், வார்ப்புரு, எல்லாக் கடவுச்சொற்களும் எப்போது கேட்டாலும் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் போடுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர் போகும். டெண்டரில் "அழகான, நவீனமான தளம்" என்று எழுதாமல், எத்தனை பக்கம் இடம் மாற்ற வேண்டும், எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை வருடப் பராமரிப்பு என்று எழுதுங்கள். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காமல் கட்டுவதற்கு மட்டும் ஒதுக்கினால், மூன்றாம் வருடம் இந்தக் கேள்வி பதிலை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டி வரும்.

தேர்வு முடிவு வரும் நாளில் தளம் படுத்துவிடாதா?

முடிவுக்குத் தனி சர்வர் வையுங்கள். முகப்புப் பக்கத்தைச் சேமித்து வைத்த நிலைப் பக்கமாகக் கொடுங்கள், ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தைத் தட்டாதபடி. அன்றைக்கு ஓடும் படங்களை எடுத்துவிட்டு ஒரே ஓர் இணைப்பு போதும்.

எவ்வளவு நாள் ஆகும்?

மென்பொருளை நிறுவ ஒரு நாள். வார்ப்புருவுக்கு இரண்டு மூன்று மாதம். துறைகள் தங்கள் பக்கங்களைப் படித்து, கழித்து, திருத்தி எழுதுவதற்குத்தான் நாள் போகும். ஒரு கல்வியாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மே, ஜூனில் தளத்தை மாற்றாதீர்கள், அது சேர்க்கைக் காலம். இரண்டு மூன்று துறைகளை வைத்து முன்னோட்டம் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு விரியுங்கள். நாங்கள் முதலில் எடுத்தது ஆர்வமாக இருந்த துறைகளை. சோலி அதிகமாக இருக்கும் தேர்வுப் பிரிவை முதலில் எடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மாணவருக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

எங்களுடையது சின்ன இணைவுக் கல்லூரி. கணினி மையமே கிடையாது. எங்களுக்கும் இதெல்லாம் தேவையா?

அந்தியூரிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர் கேட்டார். ஒரு வேர்டுபிரஸ் தளம், அலுவலகத்தில் ஒருவர், கணினி அறிவியல் துறையில் ஒருவர், இது போதும். பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். பல்கலைக்கழக விதிகளை உங்கள் தளத்தில் நகலெடுத்துப் போடாதீர்கள், இணைப்பு மட்டும் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கே மாறும்போது உங்களிடம் பழையது தங்கிவிடும்.

அவர் அன்றைக்கே தன் கல்லூரித் தளத்தைப் போனில் திறந்து, அலுவலக எண்ணை அழுத்திப் பார்த்தார். எடுத்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். எண்ணின் கடைசி இலக்கம் தப்பு. "நாலு வருசமா எனக்குத்தானுங்க போன் வருது" என்றாராம் அவர். அந்த இலக்கத்தைத் திருத்திவிட்டுத்தான் மற்ற வேலையை ஆரம்பித்திருக்கிறார்கள்.